யாருடைய பங்கு யாருக்கு?



தாயில்லாத வீட்டில் மூத்த பெண்பிள்ளை ஒருத்தி இருந்துவிட்டால், பார்க்க வருகிற பெரியவர்கள் தகப்பனுக்குச் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றுதான்: "மகள் வளர்ந்துவிட்டாளே, தம்பி, இனி உங்களுக்கு என்ன கவலை?" தகப்பனில்லாத வீட்டிலோ, பத்து வயதுப் பையனின் தலையில் கைவைத்து, "இனிமேல் அம்மாவை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்கிறோம். இவை அன்பினால் சொல்லப்படுகிற வார்த்தைகளே. ஆயினும் மரித்தவர் சுமந்த பாரத்தை, அவ்வீட்டில் எல்லாரிலும் சிறிய தோளின்மேல் அவை ஏற்றிவைத்துவிடுகின்றன.

என் மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது மகளுக்கு 12 வயது. மகனுக்கு 7 வயது. மும்பை சயான் கோலிவாடாவில் ஒரு சிறிய வீட்டில் வாழ்கிறோம். நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். திருநெல்வேலிப் பக்கத்து உறவினருக்கும் எங்களுக்கும் இடையே ஒரு முழு நாளுக்கும் மேற்பட்ட ரயில் பயணம் இருக்கிறது. இப்படிப்பட்ட வாழ்க்கையில், எந்த வேலை யாருடையது என்பதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளாவிட்டால், முடிவில் அது பிள்ளைகள்மேல்தான் வந்து விழும்.

2 இராஜாக்கள் 4 ஆம் அதிகாரத்தில் வருகிற விதவையை நாம் எல்லாரும் அறிவோம். எண்ணெய் பெருகிய அற்புதத்தையே நாம் மிகுதியாகத் தியானிக்கிறோம். அவள் எலிசாவினிடத்தில் ஓடிவந்த காரணத்தைச் சற்றே நின்று கவனியுங்கள். வீட்டில் கடன் இருந்தது. ஆனால் கடன்காரன் கொண்டுபோக வந்தது பாத்திரங்களையோ நிலத்தையோ அல்ல, அவளுடைய இரண்டு பிள்ளைகளை. பெரியவர்களின் கடனைப் பிள்ளைகள் தங்கள் சரீரத்தால் அடைக்க வேண்டிய நிலை. அதைத் தடுக்கவே அன்று எண்ணெய் பெருகியது.

அந்த வீட்டில் வேலை பிரிக்கப்பட்டிருந்த விதமும் கவனிக்கத்தக்கது. அயலார் வெறும் பாத்திரங்களைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பாத்திரங்களை எடுத்துக் கொடுத்தார்கள். வார்த்தவள் தாய். விற்றுக் கடனைத் தீர்க்கும் பொறுப்பும் அவளுக்கே கொடுக்கப்பட்டது. தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கிற நமக்கு இந்த ஒழுங்கு போதுமானது.

பெற்றோரின் பங்கு

எங்கள் பகுதியில் விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும். டிரம்மையும் குடங்களையும் நிரப்புவது என் வேலை. அடுப்பு என் வேலை. மாவு அரைக்க நேரமில்லாத வாரங்களில் தமிழர் கடையில் ஈரமாவு வாங்கிக்கொள்கிறோம். மூன்று டிபன் பாக்ஸ்களையும் கட்டிவைத்துவிட்டே நான் லோக்கல் ரயிலைப் பிடிக்கிறேன். மகளுக்கு மாதந்தோறும் தேவைப்படுகிற சானிட்டரி நாப்கின், அரிசி பருப்போடு மளிகைப் பட்டியலிலேயே இடம்பெறுகிறது. அதற்காக அவள் என்னிடம் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. அவள் பருவமடையும் முன்னரே, சபையிலுள்ள ஒரு மூத்த சகோதரியிடம், "அக்கா, அவளுக்குச் சொல்ல வேண்டியவற்றை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன்.

ஆண் ஒருவன் சமைப்பதை இரக்கத்தோடு பார்க்கிறவர்கள் உண்டு. இதில் இரங்குவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு பெரியவர்கள் செய்த வேலையை இப்போது ஒரு பெரியவர் செய்கிறார். அது கடினம், ஆனால் அது பெரியவருடைய வேலை.

மனப்பாரத்தைக் குறித்தும் இப்படியே. தகப்பனில்லாத வீட்டில் தாய் தன் துக்கத்தையெல்லாம் இரவில் மூத்த மகளிடம் கொட்டுவதுண்டு. கேட்கிறவள் பிள்ளை, அவளால் எழுந்துபோகவும் இயலாது, உதவவும் இயலாது. அதற்காக எல்லாவற்றையும் மறைக்க வேண்டும் என்பதல்ல. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாங்கள் மூவரும் அமர்ந்து வரவு செலவைப் பார்க்கிறோம். வாடகை எவ்வளவு, கல்விக் கட்டணம் எவ்வளவு, இம்மாதம் எதை வாங்க இயலாது என்று நான் சொல்கிறேன். செய்தி அவர்களுக்கு உரியது. அதை எப்படிச் சமாளிப்பது என்ற கவலை எனக்கு உரியது. என் மனக்கலக்கத்தை நான் என் வயதுடைய ஒரு சகோதரனிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

பிள்ளைகளின் பங்கு

அப்படியானால் பிள்ளைகளை ஒரு வேலையும் செய்யவிடாமல் வளர்க்க வேண்டுமா? அன்று பாத்திரங்களை எடுத்துக் கொடுத்தவர்கள் பிள்ளைகளே. தாயில்லாப் பிள்ளை என்று இரங்கி, ஒரு துரும்பையும் எடுத்துப்போட விடாமல் வளர்ப்பதும் அநியாயமே. நாளைக்கு அப்பிள்ளையோடு வாழப்போகிறவர் அதன் பலனை அனுபவிப்பார்.

எங்கள் அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. தன் டிபன் பாக்ஸைக் கழுவுதல், சீருடையை மடித்துவைத்தல், குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போடுதல், ஞாயிறு மாலையில் வீட்டைப் பெருக்குதல் என்று வேலைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மகளுக்கும் மகனுக்கும் சம அளவே. பெண் என்பதால் அவளுக்கு ஒரு வேலை கூடவும் இல்லை. ஆண் என்பதால் அவனுக்கு ஒன்று குறையவும் இல்லை.

பங்கு எது, சுமை எது என்று அறிய நான் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வேலை பிள்ளையின் படிப்பைத் தொடுகிறதா? தூக்கத்தைத் தொடுகிறதா? விளையாட்டு நேரத்தை முழுவதும் விழுங்கிவிடுகிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அது பங்கு. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அது சுமை. அதை நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மகள் 10 ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய ஆண்டில், தாளிலிருந்து அவளுடைய வேலைகளில் பாதி அழிக்கப்பட்டு என் பெயருக்கு மாறின. இப்போது அவள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். சனிக்கிழமை இரவுச் சமையலைத் தானே செய்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டு எடுத்துக்கொள்வதற்கும், வேறு வழியின்றி ஏற்றிவைக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவள் முகத்தில் காண்கிறேன்.

அயலாரின் பங்கு

"ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்" என்று பலர் கூறுகிறார்கள். "ஒன்றும் தேவையில்லை" என்று நாமும் பதில் சொல்லிவிடுகிறோம். இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டோம். ஒரு பாத்திரமும் கைமாறவில்லை. பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, அதுவும் அநேகமாய் வாங்கு என்பதே அன்று அந்த விதவைக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை.

கேட்கும்போது அளவிட்டுக் கேட்பது நல்லது. "புதன்கிழமை மாலை 6 மணி முதல் 8 மணி வரை பையன் உங்கள் வீட்டில் அமர்ந்து படிக்கலாமா?" என்று கேட்டால், கொடுக்கிறவருக்கும் எல்லை தெரிகிறது. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அடுத்த வீட்டு மராத்தியக் குடும்பத்திடம் இருக்கிறது. எனக்குத் திடீரென்று நோய் வந்தால் பிள்ளைகள் அழைக்க வேண்டிய மூவரின் தொலைபேசி எண்கள் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன. தனிப் பெற்றோருக்குக் காய்ச்சல் வந்தால் முழு வீடும் படுத்துவிடும். ஆகவே காய்ச்சல் வருமுன்னரே இவற்றைச் செய்துவைக்க வேண்டும்.

இரவல் வாங்கியது திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியது என்பதையும் மறக்கலாகாது. எனக்குத் தெரிந்தது கணக்கு. வங்கிப் படிவங்களையும் வருமான வரிக் கணக்கையும் அயலாருக்கு நிரப்பிக் கொடுக்கிறேன்.

சபையாருக்கு ஒரு விண்ணப்பம். தனித்து வாழ்கிற தாயிடமோ தகப்பனிடமோ வாரந்தோறும் மறுமணத்தைப் பற்றி விசாரிக்க வேண்டாம். துணையால் கைவிடப்பட்டவரிடம் காரணம் கேட்க வேண்டாம். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் பட்டத்தைச் சூட்டவும் வேண்டாம். ஒரு நாளையும் ஒரு மணி நேரத்தையும் குறிப்பிட்டு, "அன்று நான் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

பெட்டியிலுள்ள காகிதங்கள்

இருவர் உள்ள வீட்டில் ஒருவர் போனால் மற்றவர் இருக்கிறார். ஒருவரே உள்ள வீட்டில் அவரும் போனால்? இக்கேள்வியைக் கேட்பது அவிசுவாசம் அல்ல. இதுவும் பெற்றோரின் பங்கே.

முதலாவது, எது யாருடையது என்று அறிவது. 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் மரித்த கிறிஸ்தவருக்கு வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் இருந்தால், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு துணையைச் சேரும். மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளைச் சேரும். மகன், மகள் என்ற வேறுபாடு அதில் இல்லை. என் மனைவியின் நகை 9 சவரன். அதில் 3 சவரன்தான் என்னுடையது. 6 சவரன் பிள்ளைகளுடையது. பணமுடை வந்தபோது அடகு வைக்கலாமே என்று ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. பிள்ளைகளின் பொருளை என் கடனுக்கு ஈடாக வைக்க எனக்கு மனமில்லை. வேறு வழியைத் தேடிக்கொண்டோம்.

இரண்டாவது, நாமினி நியமனம். மரித்த துணையின் பெயரே பல கணக்குகளில் இன்னும் நாமினியாக இருந்துவருகிறது. அதை மாற்றுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு 4 பேர் வரை நியமிக்கலாம். வங்கியில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளத் தகுதியுடையவர். அதனாலேயே அவர் சொத்துக்கு உரிமையாளராகிவிடுவதில்லை. நாமினி சிறுபிள்ளையானால், பிள்ளைக்காகப் பெற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும்.

மூன்றாவது, உயில். இதற்கு முத்திரைத் தாள் தேவையில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. சாதாரணத் தாளில் எழுதி, நாம் கையொப்பமிட, சாட்சிகள் இருவரும் கையொப்பமிட வேண்டும். சாட்சியாக நிற்கிறவருக்கோ அவருடைய துணைக்கோ அந்த உயிலில் எதையும் எழுதிவைத்தால், கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை அப்பகுதி செல்லாது. ஆகவே சொத்தில் பங்கு பெறாதவர்களையே சாட்சிகளாக அழையுங்கள்.

நான்காவது, பிள்ளைகளை வளர்ப்பவர் யார் என்பது. உயிலின் மூலம் பிள்ளைக்குப் பாதுகாவலரை நியமிக்கும் அதிகாரத்தை வாரிசுரிமைச் சட்டம் தகப்பனுக்குத்தான் வெளிப்படையாகக் கொடுத்திருக்கிறது. சகோதரிகள் இதனால் சோர்ந்துபோக வேண்டாம். பாதுகாவலரை நியமிக்கும்போது மரித்த பெற்றோரின் விருப்பத்தையும், விவரம் அறிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள 1890 ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் இடமளிக்கிறது. எனவே விருப்பத்தை எழுதிவையுங்கள். எழுதுமுன் அந்தக் குடும்பத்தாரிடம் நேரில் கேளுங்கள். பெங்களூருவிலுள்ள என் தங்கையும் அவள் கணவரும் சம்மதித்த பின்னரே நான் அவர்கள் பெயரை எழுதினேன், பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாவது, ஒரு சிறு காப்பீடு. 18 முதல் 50 வயதுக்குட்பட்ட வங்கிக் கணக்குடையவர்கள் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய் செலுத்திச் சேரலாம். மரணம் நேரிட்டால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

வெளிமாநிலத்தில் வாழ்கிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் அளிக்கிறார். மகாராஷ்டிராவில் அதற்கு நீதிமன்றத்தை நாட வேண்டும். காலமும் செலவும் ஆகும். ஊரில் முடிக்க வேண்டியதை ஊரிலும், இங்கே முடிக்க வேண்டியதை இங்கேயும் தொடங்குங்கள். தனித்து வாழ்கிற தாய்மார், தகப்பன் பெயரைக் கேட்டு அலுவலகங்களில் அலைய வைப்பார்கள் என்று அஞ்சி விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம். 2016 டிசம்பர் முதல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். தாய் மட்டுமே பெற்றோராக இருக்கும் பிள்ளைக்குப் பான் அட்டையிலும் 2018 டிசம்பர் முதல் தகப்பன் பெயர் கட்டாயமில்லை.

பிரியமானவர்களே, இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாது. இம்மாதத்தில் மூன்றை மட்டும் செய்யுங்கள். பிள்ளையின் பங்கு எது என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அயலாரில் ஒருவரிடம் ஒரு குறிப்பிட்ட உதவியை வாய்திறந்து கேளுங்கள். வங்கிக்குச் சென்று நாமினியின் பெயரைச் சரிபாருங்கள். வங்கியில் அதற்கென ஒரு படிவம் உண்டு. மதிய உணவு இடைவேளைக்குள் நிரப்பிக் கொடுத்துவிடலாம்.