கோழி இறகும் கொஞ்சம் நூலும்

தூண்டில் என்றதும் தோட்டத்தில் பிறந்தவர் கண்முன் வருவது மூங்கில் கம்பும் நரம்பும் மண்புழுவும்தான். முள்ளில் நூலைச் சுற்றி, இறகைக் கட்டி, அதைப் பூச்சி என்று மீனை நம்ப வைக்கும் கலையைத் துரைமார்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி விடுகிறோம். அப்படி ஒதுக்குவது நமக்குத்தான் நட்டம் என்பது என் கருத்து. நம் மொழிக்கழகங்கள் நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளில் தன்முனைப்பு முகாம் நடத்தும்போது, தேர்வு வழிகாட்டி நூல்களுக்குப் பக்கத்தில் இறகும் நூலும் வைத்த ஒரு மேசையும் இருக்க வேண்டும். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

இந்தக் கலையில் பல வகை உண்டு. நீர்மேல் மிதக்கும் பூச்சிக்குச் சேவலின் விறைத்த கழுத்திறகு வேண்டும். நான் சொல்ல வருவது நீருக்குள் அமிழும் மென்னிறகுப் பூச்சியைப் பற்றி. அதற்குப் பெட்டையின் மெத்தென்ற இறகே போதும். முள்ளின் தண்டில் நிறமுள்ள பட்டு நூலைச் சுற்றினால் உடல். கண்ணுக்குச் சற்றுக் கீழே ஓர் இறகை ஒன்றரைச் சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று சுற்றினால் கால்களும் சிறகும். அவ்வளவுதான். கையில் பார்த்தால் அழுக்குப் பஞ்சு போல இருக்கும். நீரில் இறங்கியதும் இறகின் இழைகள் ஒடுங்கி விரிந்து மூச்சு விடுவதுபோல் அசையும். நீருக்கடியில் வளர்ந்து, தோலுரித்து மேலேறும் பூச்சியின் தவிப்பு அப்படியே தெரியும். அதிகமாகச் சுற்றிவிட்டால் அந்த அசைவு போய்விடும். சிக்கனம்தான் இதன் அழகு. நிறங்களில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஆரஞ்சு, பச்சை, மஞ்சள், ஊதா எல்லாமே கட்டலாம்.

இது துரைமார் கலையா? கி.பி. 200 வாக்கில் ரோமில் வாழ்ந்த ஏலியன் என்பவர், மாசிடோனிய ஆற்றோரத்து மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் தாடிக்கடியில் வளரும் இரண்டு இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் 1496-இல் அச்சான தூண்டில் நூலில் பன்னிரண்டு பூச்சிகளுக்கான செய்முறை இருக்கிறது. மென்னிறகுப் பூச்சியை 1857-இல் ஊரறியச் செய்த ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டூவர்ட், அதை மீன் பிடித்துப் பிழைத்த ஜேம்ஸ் பெய்லியிடமிருந்துதான் பெற்றார். 1885-இல் யார்க்‌ஷயர் பூச்சிகளைத் தொகுத்த பிரிட்டும், 1975-இல் அமெரிக்காவில் இதற்கென்றே நூல் எழுதிய சில்வெஸ்டர் நெமெஸும் செய்தது, நாட்டுப்புறத்தார் கையில் இருந்ததை ஏட்டில் ஏற்றியதுதான். கவுதாரி, உள்ளான் என்று அவரவர் வயற்காட்டுப் பறவையின் இறகே அவர்களுக்குக் கைமுதல்.

நம் தாய்நிலத்துக்கும் இதில் பங்குண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாமஸ் என்ற ஆங்கில அதிகாரி 1873-இலேயே இந்தியத் தூண்டிலைப் பற்றித் தனி நூல் எழுதினார். தென்னிந்திய மலைகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகுத்துளி போன்ற புள்ளிகள் உண்டு. அவற்றுக்காகவே அந்த இறகு பிரிட்டனுக்குக் கப்பலேறி, சால்மன் மீனுக்கான பூச்சிகளில் கண்ணாகப் பதிந்தது. அதே கடல்வழிக் காலத்தில்தான் நம் முன்னோர் இங்கே கித்தாக் காட்டுக்குக் கப்பலேறினார்கள். இறகின் விலை எழுதப்பட்ட கணக்கேடுகளில் அதைப் பிடித்துக் கொடுத்த கைகளின் பெயர் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பறவைக்கு 1972-ஆம் ஆண்டு இந்திய வனவிலங்குச் சட்டம் பாதுகாப்பு தந்தது. இங்கே செம்பனைக் காட்டோரம் மேயும் சிவப்புக் காட்டுக்கோழியையும் விட்டுவிடுவோம். வீட்டுக்கோழிக்கே அதுதானே மூதாதை! லயத்துக் கொல்லையில் குழம்புக்கு அறுத்த பெட்டையின் கழுத்தில் ஒரு வருடத்துக்குப் போதுமான இறகு இருக்கிறது.

இறகைவிட முக்கியம் விரல். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான பட்டையை, உள்மரம் காயப்படாமல் சீவிய கைகள் நம் பாட்டிமாருடையவை. கோயிலுக்குப் பூக்கட்டும் அம்மாவைக் கவனித்திருக்கிறீர்களா? காம்பைச் சுற்றி நூலை ஒரு வளையமாக்கி, விரலால் திருப்பி மாட்டி இழுப்பார். பூச்சி கட்டுபவர் கண்ணருகே நூலை இறுக்கப் போடும் அரைமுடிச்சும் அதே வளையம்தான். கருவி இல்லாத காலத்தில் யார்க்‌ஷயரிலும் விரலிடுக்கில் முள்ளைப் பிடித்துத்தான் கட்டினார்கள். லின்சம், கிர்பி, ஜெராம் பாடாங் என்று எந்தத் தோட்டப் பெயரைச் சொன்னாலும் இந்த முடிச்சு தெரிந்த ஓர் அம்மா நினைவுக்கு வருவார். அவரைப் பயிற்றுநராக அழைத்து ஒரு முகாம் நடத்தினால் எப்படி இருக்கும்? நம் முகாம்களில் அம்மாக்களுக்கு இதுவரை ஒதுக்கியிருப்பது அடுப்படியைத்தான்.

பூச்சியைப் பற்றியும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மழை விட்ட மாலையில் ஈசல் புறப்பட்டால் குளத்தில் என்ன நடக்கும் என்று தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியும். நீரெல்லாம் வட்ட வட்டமாகக் கொதிக்கும். திலாப்பியா வாய் பிளந்து மேலே வரும். பழுப்பு நூலும் சாம்பல் இறகும் கொண்டு ஈசலைக் கட்டலாம். விராலுக்கு இது போதாது, அதற்குத் தவளைதான் சரி. ஜெலுபு மலைப்பக்கத்துத் தெளிந்த ஓடைகளில் செபாராவுக்கு இன்னும் பெரிய இறகு வேண்டும்.

'மீன் பிடிப்பது குழம்புக்கு, விளையாட்டுக்கு அல்ல' என்று பெரியவர்கள் சொல்வது நியாயம்தான். பூச்சியில் பிடித்ததையும் குழம்பு வைக்கலாமே. 'வேலையில்லாப் பிள்ளைகளுக்கு இதனால் என்ன வருமானம்?' என்ற கேள்விதான் கடுமையானது. வருமானம் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ரௌடித்தனம் ஒழியும் என்றும் மேடைப்பேச்சுப் பேச மாட்டேன். என் கவலை வேறு. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புப் பகுதி வருகிறது. நீலாய், லாபு பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். அல்லூறும் குளமும் போகும்போது அவற்றோடு ஒட்டிய சொற்களும் போகின்றன. தக்கை, நரம்பு, முள், ஈயக்குண்டு என்று அப்பா சொன்னதைத் தம்பி இன்று ஜோரான், கைல், உம்பான் என்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; கடைக்காரரிடம் அந்தச் சொல்தான் செல்லுபடியாகிறது.

2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது, தமிழில் கலைச்சொல் இருக்கிறது என்று நாம் உரக்கச் சொன்னோம். 2012 முதல் அத்திட்டம் படிப்படியாக விலக்கப்பட்டது. ஆனால் கலைச்சொல் என்றால் வேதியியல், இயற்பியல் என்றே நாம் நினைக்கிறோம். கைவேலைக்கும் சொல் வேண்டாமா? நம் ஆண்டிதழ்கள் சிறுகதைக்கும் கவிதைக்கும் தரும் பக்கங்களில் கால்வாசியை ஒரு கைத்தொழிலின் செய்முறைக்குத் தந்தால் மொழி ஒன்றும் மெலிந்துவிடாது. முடிச்சு போடுவதைத் தெளிவாக எழுதிப் பாருங்கள். மரபுக்கவிதை எளிது என்று தோன்றும்.

நான் எழுதிப் பார்த்த வரையில், 'ஈ' என்று மொழிபெயர்ப்பதைவிட 'இறகுப்பூச்சி' நன்றாக இருக்கிறது. எல்லாமே ஈயைப்போல் கட்டப்படுவதில்லை. 'பூக்கட்டு' போலப் 'பூச்சி கட்டு' என்பதில் யாருக்கும் தடையிருக்காது. சுற்றும் இறகைக் 'கழுத்திறகு' எனலாம். சிக்கல் கடைசி முடிச்சில்தான். நூல் தன் நுனியின் மேலேயே நாலைந்து முறை சுற்றி, நுனியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும் முடிச்சு அது. அதற்குத் 'தலைச்சுற்று' என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். பகாவ், ரந்தாவ் பக்கத்துப் பாட்டிமாரிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால், என்னுடையதை அடித்துவிட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள்.