டாக்கிங் மதிப்பெண்ணுக்குப் பிறகு

அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளரும் பங்கேற்ற பிளாசிட் என்னும் பிளாஸ்மா சிகிச்சை ஆய்வை மருத்துவமனைச் செய்தி என்று ஒதுக்கிவிடக் கூடாது. புரதங்கள் ஒன்றோடொன்று பிணைவதைத் தடுக்க மருந்து தேடுவோரின் கேள்விதான் அதற்குள் இருக்கிறது.

2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 கோவிட் நோயாளிகளிடம் ஐ.சி.எம்.ஆர். அந்த ஆய்வை நடத்தியது. குணமானவர்களின் பிளாஸ்மாவில் உள்ள எதிர்ப்பொருள்கள் ஸ்பைக் புரதத்தைப் பற்றிக்கொண்டு, அது ஏசிஇ2 ஏற்பியோடு சேராமல் தடுக்கும். இலக்கில் பிழையில்லை. ஆனால் 28 நாட்களுக்குள் நோய் முற்றியவர்களும் இறந்தவர்களுமாக, பிளாஸ்மா பெற்றோரில் 19 சதவீதம், பெறாதோரில் 18 சதவீதம். ஆய்வில் சேர்ந்த அன்றே பெரும்பாலோரின் ரத்தத்தில் சொந்த எதிர்ப்பொருள்கள் உருவாகியிருந்தன. எந்தப் பிணைப்பைத் தடுக்கிறோம் என்பதோடு, எவ்வளவு, எந்த நாளில் என்பதும் வடிவமைப்பின் பகுதியே. 2021 மே மாதம் பிளாஸ்மா தேசிய வழிகாட்டுதலிலிருந்து நீங்கியது.

அதே மாதம் இந்தியாவில் அனுமதி பெற்ற காசிரிவிமாப்–இம்டெவிமாப் எதிர்ப்பொருள் இணை, ஆண்டிறுதியில் வந்த ஓமைக்ரானிடம் தோற்றது. வைரஸ் தன் வெளிப்பரப்பை எளிதில் மாற்றிக்கொள்கிறது.

சிறு மூலக்கூறுக்கு இன்னொரு தடையும் உண்டு. இரு புரதங்கள் ஒட்டும் பரப்பு பெரும்பாலும் அகலமானது, தட்டையானது. மருந்து பற்றிக்கொள்ளப் பள்ளம் கிடைப்பதில்லை. 2007இல் வந்த எச்.ஐ.வி. மருந்தான மராவிராக் இதைச் சுற்றுவழியில் கடந்தது. எச்.ஐ.வி. பற்றும் இடத்தை மூடாமல், மனிதனின் சிசிஆர்5 ஏற்பிக்குள் ஆழமாக அமர்ந்து அதன் உருவத்தையே மாற்றியது. லெனகாபவிர் இன்னும் அழகான விடை. எச்.ஐ.வி.யின் காப்சிட் புரதத்தின் ஓரலகும் அடுத்த அலகும் சந்திக்கும் பள்ளத்தில் அது அமர்கிறது. சிபிஎஸ்எஃப்6, நப்153 என்னும் மனிதப் புரதங்கள் வந்து ஒட்டுவதும் அங்கேதான். எதிர்ப்புத் திரிபுகள் இல்லாமலில்லை. ஆனால் மிக வலுவான எம்66ஐ திரிபு, வைரஸின் பெருகும் திறனையே குறைத்துவிடுகிறது. 2024இல் வெளியான பர்பஸ்-1 ஆய்வில், ஆண்டுக்கு இரு ஊசியாக இதைப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் எச்.ஐ.வி. தொற்றவில்லை.

இத்தகைய மருந்துகளைத் தேட, பூந்தமல்லி சாலையிலும் ஆவடியிலும் உள்ள கல்லூரிகளில் டாக்கிங், அதாவது மூலக்கூறைப் புரதத்தோடு கணினியில் பொருத்திப் பார்ப்பது, செய்யத் தெரிந்த இளைஞர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் உழைப்பு கணினித் திரையோடு நின்றுவிடுவது வருத்தம் தருகிறது. ஒளிர்சாயம் ஏற்றிய ஒரு பெப்டைடு, சுத்திகரித்த புரதம், அதற்கேற்ற பிளேட் ரீடர் இருந்தால் ஒரு சேர்மம் பிணைப்பை உண்மையிலேயே விலக்குகிறதா என்று பார்த்துவிடலாம். கருவி இல்லாதவர் இருக்கும் ஆய்வகத்தோடு சேர்ந்து செய்யலாம். பிணைப்புக்கு முக்கியமான அமினோ அமிலத்தை மாற்றிய புரதத்திலும் அதே சோதனையைச் செய்து காட்ட வேண்டும்.

இனி இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளில் டாக்கிங் மதிப்பெண்ணோடு அந்தச் சோதனையின் முடிவும் இருக்கட்டும். சேர்மம் தோற்றிருந்தாலும் தரவுகளை அனுப்புங்கள். அவற்றுக்கும் இங்கே இடம் உண்டு.