பிளாஸ்டிக் சாலை என்பது சாக்குப்போக்கு ஆகக்கூடாது



"பிளாஸ்டிக்கை எதற்குத் தடை செய்ய வேண்டும்? அதான் அதைப் போட்டு ரோடே போடுகிறார்களே!" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். படித்தவர்களும் கேட்கிறார்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெருமைப்பட வேண்டிய விஷயம். பிளாஸ்டிக் கழிவைச் சாலைக்குப் பயன்படுத்தும் முறையை உருவாக்கியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன். 2002-இல் அந்தக் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுக் காட்டினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

முறை எளிது. ஜல்லியைச் சுமார் 160 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதில் தூவுகிறார்கள். அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிகிறது. பிறகு தாரைக் கலக்கிறார்கள். பூச்சு தாரை இறுகப் பிடித்துக்கொள்வதால் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. தாரிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மிச்சம்.

ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு ஆகாது. பாலிதீன் பை, பால் கவர் போன்றவை சரி. பி.வி.சி. கூடவே கூடாது. சூடு பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும். கல்யாணத்துக்கும் கட்சிக்கூட்டத்துக்கும் நாம் கட்டுகிற ஃபிளெக்ஸ் பேனர் பெரும்பாலும் பி.வி.சி.தான். சாம்பார் ஒட்டிய பார்சல் கவரையும் அப்படியே போட முடியாது. சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

அப்படியானால் அதைப் பிரித்து, கழுவி, உலர்த்துவது யார்? நாம் மீன் கழிவையும் நாப்கினையும் பால் கவரையும் ஒரே பையில் கட்டி வாசலில் வைக்கிறோம். அதைப் பிரித்துக் கையால் துழாவுகிறவர் தூய்மைப் பணியாளர். குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. எத்தனை வீட்டில் நடக்கிறது?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு வண்டி போகிற அளவுள்ள சாலைக்கு கிலோமீட்டருக்குச் சுமார் 1 டன் பிளாஸ்டிக் பிடிக்கும். ஓர் ஊரில் 1,000 வீடுகள். வீட்டுக்குத் தினம் 2 பை, ஒரு பை 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 10 கிலோ. 100 நாளில் 1 டன். அதாவது பைகளை வைத்தே ஆண்டுக்கு மூன்றரை கிலோமீட்டர் சாலை போடலாம். இரண்டு, மூன்று வருடத்தில் ஊர்த் தெருக்கள் எல்லாம் முடிந்துவிடும். போட்ட சாலையை வருடா வருடம் பெயர்த்துப் போடுவோமா? அடுத்த வருடப் பை எங்கே போகும்? வாய்க்காலுக்கும் மாட்டின் வயிற்றுக்கும்தான்.

ஆகவே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இருக்கும் 14 வகைப் பொருள்களுக்கான தடை தளரக் கூடாது. மஞ்சப்பை முதலில். அதையும் தாண்டி மிஞ்சுகிற பிளாஸ்டிக்குக்குத்தான் சாலை.

ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் என் கோரிக்கை இரண்டு.

ஒன்று: புதுச் சாலையின் ஓரத்தில் நீளம், மதிப்பீட்டுத் தொகை எல்லாம் எழுதிப் பலகை வைக்கிறீர்கள். எத்தனை கிலோ பிளாஸ்டிக் சேர்த்தோம், எந்த ஊர்க் குப்பை என்பதையும் அதில் எழுதுங்கள். தன் தெருவின் கவர் தன் தெருச் சாலையில் இருப்பது தெரிந்தால் மக்கள் பிரித்துக் கொடுப்பார்கள்.

இரண்டு: பிரிக்கிற வேலையும் சாலை வேலைதான். அதைச் செய்கிறவர்களுக்கு உறுதியான கையுறையும் அந்த உழைப்புக்கு உரிய கூலியும் சாலை மதிப்பீட்டிலேயே சேரட்டும்.

பேராசிரியர் தன் பங்கைச் செய்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் பங்கு, சமையலறையில் இரண்டாவதாக ஒரு குப்பைக்கூடை. அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் குப்பையைப் பிரித்து வாங்குகிறார்களா? கமெண்ட்டில் சொல்லுங்கள்.