பழைய காரும், அடுப்படியும்!

கோவை, அவிநாசி ரோட்டில், ஜி.டி.நாயுடு குடும்பத்தார் 2015ல் துவக்கிய கார் மியூசியத்தைப் பார்த்து வந்ததிலிருந்து, என் கணவருக்கு பழைய கார் பைத்தியம். அமெரிக்க பிளைமவுத் ஒன்றை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து, வாசலில் நிறுத்தி விட்டார். 'இந்த இரும்புக்கா இவ்வளவு காசு...' என, நான் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும்!

அப்புறம் மனசு கேட்கவில்லை. சீட் கவரை நானே தைத்துக் கொடுத்தேன். பவர் டேபிளில் உட்கார்ந்த கை, சும்மா இருக்குமா?

ஆனால், இரண்டு விஷயத்தில் விட்டுக் கொடுக்க மாட்டேன். பனியன் வேஸ்டை பெட்ரோலில் நனைத்து, அடுப்படி ஓரமாக உட்கார்ந்து பாகங்களைத் துடைப்பார். பெட்ரோல் ஆவி, தரையோடு பரவி வந்து அடுப்பில் பற்றிக் கொள்ளுமே!

இன்னொன்று, பிரேக். அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் உண்டு. அந்தத் தூசியை வாயால் ஊதிவிட்டு, அதே சட்டையோடு பேரனைத் தூக்குவார். அது நுரையீரலுக்குள் போனால், 20, 30 ஆண்டு கழித்துக்கூட புற்றுநோய் வரலாம். வீட்டில் வண்டியைக் கழற்றி மாட்டும் கணவரோ, மகனோ உள்ள தோழியரே... ஊத விடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அந்தச் சட்டையை மற்ற துணியோடு ஊற வைக்காதீர்கள்.

ஒரு வாரம் முறைத்தார். இப்போது, வேலையெல்லாம் மாட்டுக் கொட்டகையில்தான்!

— ஒரு வாசகி, திருப்பூர்.