அழியாத கோலம் கோலமாகுமா?

நீலாய் வட்டாரத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகள் வரிசையாக நின்ற காலத்தில், ஒரு வீட்டின் நன்மை தீமையை அடுத்த வீடு அறிந்துகொள்ள வாய்ச்சொல் வேண்டியிருக்கவில்லை. வாசலே அதனைச் சொல்லிவிடும். வெள்ளிக்கிழமையோ பொங்கலோ ஆடித் திருவிழாவோ வந்தால், பெரட்டுக்குப் புறப்படுமுன் வாசல் தெளித்துக் கோலம் இடப்பட்டிருக்கும். இறப்பு நிகழ்ந்த வீட்டின்முன் அஃது இராது. அந்த வெறுந்தரையைக் கண்டவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடப்பர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் நின்ற இடங்களுள் சில செம்பனைக் காடாயின, சில நகரமாயின. 1998ஆம் ஆண்டில் அண்டையிலுள்ள சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது; நீலாயில் கல்லூரிகளும் தொழிற்பேட்டைகளும் தாமான்களும் பெருகின. மலாய் மொழியில் ‘நிலாய்’ என்றால் மதிப்பு என்று பொருள். ஊரின் நிலமதிப்பு உயர்ந்தது உண்மைதான். இடம்பெயர்ந்த குடும்பங்களோடு மாரியம்மன் வந்தாள்; குத்துவிளக்கும் வந்தது. கோலம்மட்டும் வழியில் கைமாறிப் போயிற்று. இன்று பல வாசல்களில் கிடப்பது ‘ஸ்டிக்கர்’ என்று விற்கப்படும் நெகிழித்தாள். ஒருமுறை ஒட்டினால் அடுத்த தீபாவளிவரை கவலையில்லை என்பது அதன் பெருமையாம். அப்பெருமையே அதன் குற்றம்.

கோலம் இடுதல் என்பது ஒரு வழிபாட்டுச் செயல். நாச்சியார் திருமொழியின் தொடக்கத்திலேயே தைத்திங்களில் தரையைத் தூய்மைசெய்து மண்டலமிடும் நோன்பு பேசப்படுகிறது. குடமுழுக்கு வேள்விச்சாலையில் வண்ணப்பொடிகளால் மண்டலம் வரைந்து, அதன்மேல் கும்பம் வைத்து, வேள்வி முடிந்தபின் அதனைக் கலைத்துவிடுவர். கேரளத்துப் பகவதி கோயில்களில் நிகழும் களமெழுத்து இதனினும் தெளிவான சான்று. அரிசிமாவு, மஞ்சள், உமிக்கரி, இலைத்தூள், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த செந்தூள் ஆகிய ஐந்து நிறங்களால் தேவியின் திருவுருவைத் தரையில் பல மணிநேரம் எழுதுவர். பாட்டும் பூசையும் நிறைவுற்றதும் அருள்வந்தவர் அதன்மீது ஆடி அழித்துவிடுவார். எஞ்சிய தூளே அடியார்க்குத் திருவமுது போன்றது. அழித்தல் அங்கே வழிபாட்டின் ஓர் உறுப்பு. அழிக்க முடியாதது அவ்வழிபாட்டிற்கு உதவாது.

வாசற்கோலமும் அத்தகையதே. மாலைக்குள் காலடியும் காற்றும் அதனைக் கலைக்கும். எறும்பும் குருவியும் மாவை உண்ணும். மறுநாள் வாசல் மீண்டும் ஒரு கையை எதிர்பார்க்கும். ஒட்டுத்தாள் யாரையும் எதிர்பார்ப்பதில்லை. எறும்புக்கும் அதில் இரையில்லை. கோகுலாட்டமியன்று வாசலிலிருந்து பூசையறைவரை மாவினால் இடப்படும் கண்ணனின் சிற்றடிகள் அன்று அவன் வந்தான் என்பதைக் காட்டுவன. அவ்வடிகளையே நெகிழியில் அச்சிட்டு ஆண்டு முழுவதும் மிதிக்கிறார்களே, இஃது என்ன பத்தி? இழவு விழுந்த வீட்டிலும் அத்தாள் தாமரை காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. துயரத்தைச் சொல்லத்தெரிந்த வாசல் ஊமையாயிற்று.

“நேரமில்லை, அடுக்குமாடியில் மண்தரை ஏது?” என்பர். விடியுமுன் பால்வெட்டப் புறப்பட்ட பெண்களுக்கு நேரம் பெருகியா கிடந்தது? ஓர் அடித் தரைக்கல் போதும். ஐந்து புள்ளியில் தொடங்கி மூன்றில் முடியும் இடுக்குப்புள்ளிக் கோலத்திற்குச் சில நிமிடங்களே ஆகும். பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவானால் சிமெண்டுத் தரையிலும் படியும். தமிழ்நாட்டிலேயே அரிசிமாவின் இடத்தைக் கல்மாவு பிடித்துவிட்டது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. பிழை கடல்கடந்தவரிடம் மட்டும் இல்லை. பழைய வழக்கம் முழுவதும் தூயது என்பதும் பொய். கைம்பெண்ணின் கை கோலத்திற்கு ஆகாது என்று விலக்கிய கொடுமையை எந்தச் சாத்திரத்தின் பெயராலும் காக்கலாகாது. அதனைத் தள்ளிவிட்டுக் கோலத்தைக் கொள்வதில் தடை ஒன்றுமில்லை. ஆடவர் இட்டாலும் கோலம் கோலமே.

“பேரங்காடிகளில் தீபாவளிதோறும் வண்ண அரிசியால் மாபெருங் கோலங்கள் இடுகிறார்களே, கலை வாழ்கிறதே” என்பது மற்றொரு வாதம். அவற்றை ஆக்குவோரின் உழைப்பும் திறனும் மதிக்கத்தக்கவை. எனினும் கயிறு கட்டிக் காக்கப்படும் அக்காட்சியைக் கண்டு மகிழ்ந்தவர் வீடு திரும்பி, ஒட்டுத்தாளைத் தாண்டித்தானே உள்ளே போகிறார்! அதற்கு ‘ரங்கோலி’ என்று பெயர்சூட்டுவது வேறு. மலாய் மொழியில் ‘கோலம்’ என்றால் குளம். அயலார் குளம் என்று கருதினாலும் கேடில்லை. தமிழர் தம் சொல்லைத் தாமே கைவிடுவதுதான் கேடு.

இப்பழியில் தமிழ்ப்பள்ளிகளுக்கும் பங்குண்டு. கோலப்போட்டி என்ற பெயரில் சுண்ணக்கட்டியால் மயில் வரைந்து வண்ணம் நிரப்பச் செய்கிறார்கள். நிறத்திற்கே புள்ளிகள் வழங்கப்படுகின்றன. கோலத்தின் புள்ளி காணாமற்போகிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டிலேயே கோலத்தை இலக்கண விதிகளால் ஆக்கிக்காட்டும் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டனர். சில விதிகளை மீண்டும் மீண்டும் இயக்கினால் சிறுகோலம் பெருங்கோலமாக விரியும் என்பது கணிப்பொறி அறிவியலுக்கு விருந்தாயிற்று. எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் தமிழாசிரியர், ஒரே இழையில் எல்லாப் புள்ளிகளையும் வளைத்துவரும் சிக்குக்கோலத்தை வகுப்பில் ஒருநாள் இட்டுக்காட்டலாம். கணித ஆசிரியர் பக்கத்தில் நின்றால் இன்னும் நன்று. மணியடித்ததும் மாணவரே அதனைக் கூட்டிவிடட்டும்.

கோயில் நிருவாகத்தினரின் செயல்தான் பொறுக்கத்தக்கதன்று. மண்டபத்தைப் பளிங்குக்கல்லால் அழகுசெய்தபின் நடுவில் எண்ணெய்ச் சாயத்தால் நிலைக்கோலம் எழுதிவிடுகின்றனர். அன்றுமுதல் வெள்ளிக்கிழமை மாவுக்கிண்ணத்தோடு வந்த பெண்களுக்கு அங்கே வேலையில்லை. பலிபீடத்தின்முன் இரண்டடித் தரையையாவது வெறுமையாக விட்டிருந்தால், அவர்கள் தம் மகளையும் பேரனையும் பக்கத்தில் அமர்த்திப் புள்ளிவைக்கக் கற்பித்திருப்பர். முழுத்தரையையும் சாயத்தால் மூடிவிட்டு, “இளையோர் கோயிற்பணிக்கு வருவதில்லை” என்று ஆண்டுக்கூட்டத்தில் குறைபட்டுக்கொள்வது யாரை நோக்கி?