வன்னி மாணவருக்குக் குறைவது சொற்பட்டியல் அல்ல

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பட்டம் முடித்து, வெளிநாட்டில் மேற்படிப்புக்காக ஜி.ஆர்.ஈ பரீட்சை எழுத நினைக்கும் மாணவரின் காதில் முதலில் விழும் ஆலோசனை ஒன்றுதான்: தமிழ்மூலம் படித்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் போதாது, பட்டியலைப் பாடமாக்க வேண்டும். பரன்ஸ் வழிகாட்டி நூல் பிரபலமாக்கிய 3,500 சொற்களின் பட்டியல்தான் இதன் ஊற்று. மூன்று மாதத்தில் முடிப்பதென்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 39 சொற்கள். அக்கறையோடு சொல்லப்படும் ஆலோசனைதான். ஆனால் அது பரீட்சையையும் பிழையாக விளங்கியிருக்கிறது, மாணவரையும் பிழையாக விளங்கியிருக்கிறது.

பட்டியல் பயன்பட்ட காலம் ஒன்று இருந்தது. ஒரு சொல்லைத் தனியே தந்து அதன் எதிர்ச்சொல்லைக் கேட்கும் வினாக்களும், சொற்சோடிகளின் உறவை ஒப்பிடும் வினாக்களும் அன்று ஜி.ஆர்.ஈயில் இருந்தன. 2011 ஓகஸ்டில் அவை இரண்டும் நீக்கப்பட்டன. 2023 செப்டெம்பரில் பரீட்சை இன்னும் சுருங்கி, இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிவதாயிற்று. மொழிப்பகுதியில் இப்போது 27 வினாக்கள். அவற்றில் ஏறக்குறையப் பாதி, பந்தியை வாசித்து விடை காண்பவை. மீதி வசனத்தின் வெற்றிடத்தை நிரப்புபவை. பட்டியலின் 3,500 சொற்களில் இந்த 27 வினாக்களுக்குள் தலைகாட்டக்கூடியவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே உழைப்புக்கும் பலனுக்கும் உள்ள தூரம் தெரியும்.

'வெற்றிடம் நிரப்பவும் சொல் தெரிய வேண்டுமே' என்று கேட்பார்கள். தெரியத்தான் வேண்டும். ஆனால் அந்த வினாக்கள் எதைச் சோதிக்கின்றன என்று பாருங்கள். 'ஆய்வாளரின் முடிவு துணிச்சலானது எனப் பேசப்பட்டாலும், அவர் ஆதாரங்களைக் கையாண்ட விதத்தில் ____ இல்லையென்று எவரும் சொல்லிவிட முடியாது' என்ற வகையில் ஒரு வசனம் வருகிறது. ஐந்து விடைகளின் பொருளும் தெரிந்த ஒருவர்கூட, 'பேசப்பட்டாலும்' என்ற திருப்பத்தையும் அடுத்து வரும் இரட்டை எதிர்மறையையும் பின்தொடராவிட்டால் 'நிதானம்' என்பதற்குப் பதில் 'அவசரம்' என்பதைத் தெரிவுசெய்துவிடுவார். இரண்டு, மூன்று வெற்றிடங்கள் உள்ள வினாவில் எல்லாம் சரியாக இருந்தால்தான் புள்ளி. பாதிக்குப் பாதிப் புள்ளி கிடையாது. இங்கே மாணவரைக் கவிழ்ப்பவை அரிய சொற்கள் அல்ல. ஆனாலும், இருப்பினும், ஒழிய, அரிதாகவே என்று வாதத்தைத் திருப்பும் சின்னஞ்சிறு சொற்களும், நீண்ட வசனத்தின் எழுவாயை அதன் பயனிலைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பயிற்சியின்மையுமே. அந்தப் பயிற்சியை எந்தப் பட்டியலும் தராது.

மாணவரைப் பற்றிய கணிப்பும் பிழை. அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலோ, 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ படித்தவர், பட்டப்படிப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் முடித்தவர். நியூசிலாந்தின் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் இருப்பவை 570 சொற்குடும்பங்கள் மட்டுமே. கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய 10 வீதத்தை அவை நிரப்புகின்றன. அவற்றில் பெரும்பகுதி இந்த மாணவருக்குப் பாடநூல்வழி முன்னமே பழக்கமானது. அவருக்கு வாய்க்காதது வேறொன்று. உயர்தரத்தில் மூன்று பாடங்களையும் தமிழில் எழுதுகிறார். பொது ஆங்கிலப் பாடத்தின் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளியில் சேர்வதில்லை, ஆகவே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பிறகு ஒரேயடியாக ஆங்கில விரிவுரை. அங்கு வாசிப்பது சூத்திரமும் குறிப்பும்; ஒருவர் இன்னொருவரின் கருத்தை மறுத்து எழுதும் நீண்ட கட்டுரை அல்ல. போரும் இடப்பெயர்வும் பள்ளிக்கூடங்களை அலைக்கழித்த மண்ணில் இந்த இடைவெளி இன்னும் அகலம். அது சொல்லின் இடைவெளி அல்ல, வாசிப்பின் இடைவெளி.

இந்தியாவில் பட்டியலைப் பாடமாக்கி உயர்ந்த புள்ளி எடுப்போர் உண்டே என்பது அடுத்த வாதம். அவர்களில் பலர் சிறுவயது முதல் ஆங்கிலமூலம் படித்து, வாசிக்கும் பழக்கம் கைவந்தவர்கள். ஏற்கெனவே இருக்கும் வாசிப்பின்மேல் பட்டியலைச் சேர்க்கிறார்கள். வாசிப்புக்குப் பதிலாக அல்ல. நம் முன்னோர் சூடாமணி நிகண்டைப் பாடமாக்கியே புலமை பெற்றார்கள் என்று மரபை இழுப்பாரும் உண்டு. அந்த மரபை முழுதாகப் பார்க்க வேண்டும். நிகண்டு படித்தவர், கோயிலில் கந்தபுராணம் படித்துப் பயன்சொல்லும் சபையிலும் இருந்தார். பாடமாக்கிய சொல் அங்கே செய்யுளுக்குள் வந்து உயிர்பெற்றது. வசனத்தோடு சேராத சொல், பொருளற்ற அசைபோலவே நினைவில் தங்காது. அத்தகைய அசைகள் எத்தனை விரைவாக மறந்துபோகின்றன என்பதை உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே அளந்து காட்டிவிட்டார்.

பட்டியலை எரித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாசிப்பில் எதிர்ப்பட்ட சொல்லை அது வந்த வசனத்தோடு எழுதிவைத்து, சில நாள் இடைவிட்டுத் தன்னைத்தானே கேட்டுப் பார்ப்பது பயனுள்ள வேலை. திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிடத் தம்மைத் தாமே சோதித்தவர்கள் ஒரு வாரம் கழித்துக் கூடுதலாக நினைவில் வைத்திருந்ததை உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டினார்கள். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ ஆங்கில நூல் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. நல்ல நூலகங்கள் வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை கைப்பேசி இருக்கிறது. ஆங்கிலப் பத்திரிகையின் கருத்துக் கட்டுரை ஒன்றையோ விஞ்ஞான சஞ்சிகைக் கட்டுரை ஒன்றையோ நாள்தோறும் எடுத்து, ஆசிரியர் யாரை மறுக்கிறார், எங்கே விட்டுக்கொடுக்கிறார், எந்த வசனத்தில் திரும்புகிறார் என்று தமிழில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். இதற்கு ஓராண்டாவது வேண்டும். ஆகவே இறுதியாண்டு முடியும்வரை காத்திருக்காமல் முதலாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். விரிவுரையாளர்களும் பாடத்துக்கு ஒரு கட்டுரையையாவது இப்படி வாசிக்கக் கொடுக்க முன்வர வேண்டும்.