எந்த வருஷம், எந்தப் படம்?

எங்கள் பெரியப்பா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் பழைய படம்தான். ஆறு மணிக்கு டி.வி.யில் பென்டிரைவைச் சொருகிவிட வேண்டும். பெரியப்பா சிவாஜி ரசிகர். மதுரை தங்கம் தியேட்டரில் 'பராசக்தி'யைத் தன் அப்பாவின் மடியில் உட்கார்ந்து பார்த்தவர். மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி, எம்.ஜி.ஆர். ரசிகர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நடுவில் நான், பெரியம்மா, வருகிற போகிற அக்கம்பக்கத்து ஆட்கள்.

படம் ஓடும்போது யாரும் பேசமாட்டார்கள். முடிந்து காபி வந்ததும் பேச்சு நேராக விருதுக்குப் போய்விடும்.

"கடைசி வரைக்கும் சிவாஜிக்குச் சிறந்த நடிகர்னு ஒரு நேஷனல் அவார்டு குடுக்கலையே மாப்ளே, இதை எங்க போய்ச் சொல்ல?"

"வாத்தியாருக்குக் குடுத்தாங்கல்ல மச்சான். தமிழனுக்குத்தானே வந்துச்சு?"

இதற்குப் பிறகு அரை மணி நேரம் வீடு தாங்காது. பெரியப்பா 'கப்பலோட்டிய தமிழன்' என்பார், 'பாசமலர்' என்பார், 'கர்ண'னில் சாகிற காட்சி என்பார். மாமா எதற்கும் அசையமாட்டார்.

இந்த ஆதங்கம் இவர்கள் இருவருக்கு மட்டும் உரியதல்ல. பழைய படம் பார்க்கிற எந்தத் தமிழ் வீட்டிலும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆனால் ஒருநாள் உட்கார்ந்து வருஷங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் நாங்கள் இத்தனை நாளும் பாதியைத் தெரியாமல் சண்டை போட்டிருக்கிறோம் என்று புரிந்தது.

தேசிய விருதுகள் 1954-இல் தொடங்கின. அப்போது அவை படத்துக்குத்தான், நடிகருக்கு இல்லை. 1954-ஆம் வருஷப் படங்களில் தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ள'னுக்குப் போனது. பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்', சிவாஜி நடித்தது, தகுதிச் சான்றிதழ் வாங்கியது. சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்ற விருதுகளே 1967-ஆம் வருஷப் படங்களுக்குத்தான் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டன. முதல் சிறந்த நடிகர் வங்காளத்தின் உத்தம் குமார். அப்போது நடிகருக்குப் பாரத், நடிகைக்கு ஊர்வசி என்று பெயர். சாரதா 'ஊர்வசி சாரதா' ஆனது அப்படித்தான்.

அப்படியென்றால் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959. 'பாசமலர்', 'கப்பலோட்டிய தமிழன்' இரண்டும் 1961. 'கர்ணன்', 'நவராத்திரி' 1964. 'திருவிளையாடல்' 1965. பெரியப்பா நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்கிற படங்களில் பாதிக்கு மேல் வந்த காலத்தில், கொடுப்பதற்கு அந்த விருதே டெல்லியில் இல்லை. கட்டபொம்மனுக்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க - ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் என்று அவரை மேடையேற்றினார்கள். நம் நாட்டில் அதற்கு ஒரு பட்டியலே அப்போது கிடையாது.

இதைச் சொன்னபோது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப சாவித்திரிக்கு?" என்று கேட்டார். சாவித்திரியின் பெரிய படங்களும் 1967-க்கு முன்னாடிதான். துணை நடிகர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கென்று தேசிய விருது வந்தது 1984-ஆம் வருஷப் படங்களிலிருந்து. டி.எஸ். பாலையா 1972-இல் போய்விட்டார். எஸ்.வி. ரங்காராவ் 1974, எம்.ஆர். ராதா 1979. இவர்கள் மூவரும் ஒரு காட்சிக்குள் நுழைந்தால் நாயகன் யார் என்பதே மறந்துபோகும். நாகேஷ் மட்டும் நீண்ட ஆயுளின் புண்ணியத்தில் 1994-இல் 'நம்மவர்' படத்துக்காக அதை வாங்கினார். 'திருவிளையாட'லில் தருமியாக வந்து முப்பது வருஷம் கழித்து. அந்தத் தருமிக்கு விருது கொடுக்க அன்றைக்கு ஒரு பெயர்கூட இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு வந்தது. விருதைப் பற்றிப் பேசினால் எந்த வருஷம், எந்தப் படம், அந்த வருஷம் வாங்கியது யார் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் 1971-ஐ எடுத்தோம். சண்டைக்கு மூலமே அந்த வருஷம்தான். 'ரிக்‌ஷாக்கார'னுக்காக எம்.ஜி.ஆருக்குப் பாரத் கிடைத்தது. அதே வருஷம் தீபாவளிக்குச் சிவாஜியும் ரிக்‌ஷாக்காரராக நடித்தார், 'பாபு' படத்தில். மலையாளத்தில் சத்யன் நடித்த 'ஓடையில் நின்னு'தான் தமிழில் பாபு. ஒரே வருஷத்தில் இரண்டு பேரும் ரிக்‌ஷா பிடித்திருக்கிறார்கள் என்பது ஒப்பிடுகிறவர்களுக்குத் தங்கமான வாய்ப்பு. அடுத்தடுத்த இரண்டு ஞாயிறுகளில் இரண்டையும் போட்டோம்.

'ரிக்‌ஷாக்கார'னில் சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே எம்.ஜி.ஆர். சிலம்பம் சுற்றுகிற சண்டை இருக்கிறதே, அதைப் பெரியப்பாவே ரிமோட்டை வாங்கித் திரும்பப் போடச் சொன்னார். கால் மிதியில், கை கம்பில், வண்டி வட்டமடிக்கிறது. ஐம்பதைத் தாண்டிய மனிதர் அப்போது. முகத்தில் சிரிப்பு குறையவே இல்லை. "இதுவும் நடிப்புதான் மாப்ளே, இல்லைன்னு சொல்லல" என்றார் பெரியப்பா. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

'பாபு'வில் கை ரிக்‌ஷா. இழுக்கிறவன் ஓட வேண்டும். தன்னை மனுஷனாக மதித்த ஒரு குடும்பம் நொடித்துப்போன பிறகு, அந்த வீட்டுப் பெண்குழந்தையைப் படிக்கவைக்க அவன் ஓடிக்கொண்டே இருக்கிறான். குழந்தை அம்முவாகச் சின்ன ஸ்ரீதேவி. வளர்ந்த பிறகு அந்தப் பெண்ணே இவனைப் பார்த்துக் கூச்சப்படுகிற இடத்தில், மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். எனக்கு அந்தப் படத்தின் கடைசிப் பகுதியில் சிவாஜியின் இருமலும் தளர்ச்சியும் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் முதல் பாதியில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒரு ஏழை எப்படி உட்காருவானோ அப்படி உட்கார்ந்திருக்கிறார். அந்த உட்காரலுக்கே நான் பாரத் கொடுத்திருப்பேன். மாமாவும் அன்றைக்கு மறுத்துப் பேசவில்லை.

அடுத்தது 1968. இது எனக்குச் சொந்தமான வருஷம். ஏனென்றால் அந்த வருஷத்தின் கதை விசித்திரமானது. தமிழில் சிறந்த படம் 'தில்லானா மோகனாம்பாள்'. ஒளிப்பதிவுக்கும் அதே படத்தின் கே.எஸ். பிரசாதுக்கு விருது. அந்த வருஷம் முதன்முதலாகக் கொடுத்த சிறந்த பாடகி விருது பி. சுசீலாவுக்கு, 'உயர்ந்த மனிதன்' பாட்டுக்காக. இரண்டுமே சிவாஜி படங்கள். படத்துக்கு உண்டு, கேமராவுக்கு உண்டு, பாடினவருக்கு உண்டு. நடித்தவருக்கு மட்டும் இல்லை. 1985-இலும் இதுவே நடந்தது. 'முதல் மரியாதை' தமிழின் சிறந்த படம், வைரமுத்துவுக்குப் பாடலாசிரியர் விருது, இளவட்டக்கல்லைத் தூக்கிய மலைச்சாமிக்கு ஒன்றுமில்லை.

'தில்லானா'வை நாங்கள் பார்த்த அன்று எங்கள் தெருக் கோயிலில் வாசிக்கிற நாயனக்காரர் வந்திருந்தார். படத்தில் உண்மையில் வாசித்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்களான எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவர்களைக் கேட்டு வளர்ந்தவர் இவர். படம் முழுக்க முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். கத்திக்குத்துப்பட்ட கையோடு சண்முகசுந்தரம் வாசிக்க, மோகனா ஆடிக்கொண்டே அவன் உடம்பை விசாரிக்கிற அந்தக் கச்சேரி வந்ததும் டி.வி.க்குப் பக்கத்திலேயே போய்விட்டார். முடிந்ததும் சொன்னார்: "விரலை யாரும் பழகிக்கலாங்க. மூச்சு எடுக்கிற இடம் தப்பாம இருக்கு பாருங்க. வாசிப்பு விடுற இடத்துலதான் கன்னம் இறங்குது. வாசிக்காதவருக்கு இது எப்படி வந்துச்சுன்னு எனக்குப் புரியல."

நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதுமட்டுமில்லை, கன்னம் உப்பி உதடு சீவாளியில் அடைபட்டுக் கிடக்கிறபோது ஒரு நடிகனுக்கு மிச்சம் இருப்பது கண் மட்டும்தான். வலி, கர்வம், அவள் மேல் இருக்கிற ஆசை, ஊருக்கு முன்னால் அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற வைராக்கியம், நான்கையும் அந்தக் கண்ணே சுமக்கிறது. பக்கத்தில் தவிலோடு பாலையா. வாசிப்பவனின் வலி அவர் முகத்தில் வந்து விழுகிறது. இந்தக் காட்சியைப் பார்த்த ஒரு குழு, விருதை வேறு ஒருவருக்குக் கொடுக்கிறது என்றால் அந்த வேறு ஒருவர் என்ன செய்திருப்பார்?

அந்தக் கேள்விதான் எங்களை 'ஆசீர்வாத்' படத்துக்குக் கொண்டுபோனது. 1968-இன் சிறந்த நடிகர் அசோக் குமார். ஹ்ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்த இந்திப் படம். அந்தப் பெயரைப் பெரியப்பா இத்தனை வருஷமாக ஒரு குற்றவாளியின் பெயரைப் போலத்தான் சொல்லிவந்தார். படத்தைப் பார்த்ததில்லை. மாமா பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

போட்டோம். இந்தி தெரியாததால் கீழே ஓடிய ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜமீன் வீட்டு மாப்பிள்ளையாக இருந்தும் ஏழைகளோடு பாட்டும் கூத்துமாகத் திரிகிற ஒருவர். குழந்தைகளைச் சுற்றி நிறுத்தி ரயில் ஓடுகிற மாதிரி ஒரு பாட்டுப் பாடுகிறார். ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயா எழுதியது, அசோக் குமாரே தன் குரலில் பாடியது. அந்த வேகத்தைக் கேட்டுப் பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய்க் கொலை, சிறை, தாடி, முதுமை. மகள் வளர்ந்துவிட்டாள், தன் அப்பா எங்கே என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய கல்யாணத்தன்று பிச்சைக்காரர்களுக்குச் சோறு போடுகிற வரிசையில் போய் அவர் உட்காருகிறார், ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போவதற்காக.

அந்த இடத்தில் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். தேவைப்படவில்லை. அசோக் குமார் அங்கே எதையும் பெரிதாகச் செய்வதில்லை. எல்லோரும் அழுவார்கள் என்று தெரிந்த இடத்தில் அடங்கி இருக்கிறார். நாம் தமிழில் பார்த்துப் பழகிய அப்பாக்கள் இப்படி அடங்கி அழுததில்லை.

படம் முடிந்தது. காபி வந்தது. யாரும் விருதைப் பற்றிப் பேசவில்லை. மாமாதான் மெதுவாக, "என்ன மச்சான்?" என்றார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்காரு" என்றார் பெரியப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப நல்லாப் பண்ணியிருக்காரு. வயசான மனுஷன் பேரைச் சும்மா சும்மா இழுத்துட்டேன் மாப்ளே, இத்தனை வருஷமா" என்றார். குரல் கம்மியிருந்தது.

என் ஓட்டு இன்னும் சண்முகசுந்தரத்துக்குத்தான். அசோக் குமார் ஒரு மனிதனின் துக்கத்தை அற்புதமாகச் சுமந்தார். சிவாஜி ஒரு மனிதனையும், அவன் வாத்தியத்தையும், அந்த வாத்தியத்தைத் தலைமுறை தலைமுறையாக வாசித்த ஒரு கூட்டத்தின் செருக்கையும் சேர்த்துச் சுமந்தார். நாகஸ்வரம் கேட்டு வளராத ஒருவருக்கு அதில் நடிப்பு எது, வாசிப்பு எது என்று பிரித்துப் பார்க்க முடிந்திருக்குமா என்பது என் சந்தேகம். ஆனால் இப்போது நான் இதை ஒரு நல்ல படத்துக்கு எதிரில் இன்னொரு நல்ல படத்தை வைத்துச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால், பார்க்காத படத்தின் மேல் இருந்த கோபத்தில் சொன்னேன்.

கிளம்பும்போது பெரியப்பா சுவரில் கிழித்த காலண்டர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு பேனா கேட்டார்.

"69-ல யாரு தாயி? 'தெய்வமகன்' வந்த வருஷம். மூணு வேஷம். ஆஸ்காருக்கே இந்தியாவுலருந்து அதைத்தான் அனுப்புனாங்க."

"உத்பல் தத், பெரியப்பா. 'புவன் ஷோம்'னு ஒரு படம்."

"அதுவும் இந்தியா?"

"இந்திதான். மிருணாள் சென் எடுத்தது."

எழுதிக்கொண்டார். எழுத்துப் பிழை இல்லாமல் இருக்க ஒருமுறை என்னிடம் காட்டினார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் ஆறு மணிக்கு அதைப் போட்டுரு" என்றார்.